இருபத்தையாயிரம் ஆசனங்களும் ஐந்நூறு ஆசனங்களும்

உதைபந்தாட்டக் கழகமொன்று தன் பெரிய மைதானத்தை விட்டுச் சிறிய மைதானமொன்றுக்குப் போக யோசிக்கிறது என்று செய்தி வந்தால், பத்திரிகைகள் அதற்கு இடும் தலைப்பில் பெரும்பாலும் 'வீழ்ச்சி' என்ற சொல் இருக்கும். சொந்த வீட்டை விற்று வாடகை அறைக்குக் குடிபோகும் குடும்பத்தைப் பற்றிப் பேசும் தொனியிலேயே அந்தச் செய்தி எழுதப்படும். அதே கழகம் சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் பெரிய மைதானத்தைக் கட்டியபோது 'புதிய சகாப்தம்' என்று தலைப்பிட்டிருப்பார்கள். இந்த இரண்டு தலைப்புகளும் இடம்மாறி விழுந்துவிடுவதுண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டார்லிங்டன் கழகத்தின் கதை அதற்கு நல்லதொரு சான்று.

டார்லிங்டன் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் வாழும் நகரம். 1825 இல் ஸ்ரொக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே ஓடிய நீராவிப் புகையிரதத்தால் உலக வரலாற்றில் இடம்பிடித்த ஊர். அந்தப் பாதையை அமைப்பதில் முன்னின்ற எட்வேர்ட் பீஸ் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். ஊரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் 'குவேக்கர்கள்' என்பதே செல்லப் பெயர். கழகம் தொடங்கியது 1883 இல். அன்றிலிருந்து 2003 வரை, நூற்றிருபது ஆண்டுகள், அது விளையாடியது பீதம்ஸ் என்ற மைதானத்தில்.

பீதம்ஸ் பெரிய மைதானமன்று. நகர மையத்திலிருந்து நடந்தே போகலாம். இரட்டைக் கோபுர வாயிலால் நுழைந்து, துடுப்பாட்ட மைதானத்தின் ஓரமாக நடந்து போனால் உதைபந்தாட்டத் திடல் வரும். கழகம் பெரும்பாலும் தொழில்முறை லீக்கின் கடைசிப் படியில்தான் இருந்தது. வெற்றிக் கிண்ணங்கள் அதிகமில்லை. கடன் எப்போதும் இருந்தது. ஆனால் அந்த மைதானம் அந்த ஊரின் அளவுக்குத் தைத்த சட்டையைப் போல இருந்தது.

1999 இல் ஜோர்ஜ் ரெனோல்ட்ஸ் கழகத்தை வாங்கினார். அநாதை இல்லத்தில் வளர்ந்து, இளமையில் பாதுகாப்புப் பெட்டகங்களை உடைத்த குற்றத்துக்காகச் சிறை சென்று, பின்னர் சமையலறை மேசைப் பலகைகள் செய்து விற்றுப் பெருஞ்செல்வரானவர் அவர். கழகத்தின் கடன்களை அடைத்தார். அதை மிக உயர்ந்த பிரிவான பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோவேன் என்று சூளுரைத்தார். அதற்குத் தக்க அரங்கு வேண்டுமென்று ஊரின் விளிம்பில், நெடுஞ்சாலையோரமாக, 25,000 ஆசனங்கள் கொண்ட அரங்கொன்றைக் கட்டினார். செலவு சுமார் ஒரு கோடியே எண்பது இலட்சம் பவுண். உள்ளே பளிங்குக் கற்கள், மின்னேணிகள். பெயர் ரெனோல்ட்ஸ் அரங்கு.

நான்காம் பிரிவில் ஆடும் ஒரு கழகத்துக்கு, ஊரில் நாலில் ஒருவர் வந்து அமர்ந்தால்தான் நிறையக்கூடிய அரங்கு அது. 2003 ஆகஸ்டில் கிடர்மின்ஸ்ரர் கழகத்துடன் நடந்த முதல் ஆட்டத்துக்கு 11,600 பேர் வந்தார்கள். டார்லிங்டன் அன்று 2 - 0 என்று தோற்றது. அந்த அரங்கில் அக்கழகத்தின் ஆட்டமொன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் பின்னர் வரவேயில்லை. வந்திருந்தாலும் இடங்கொடுத்திருப்பது கடினம். வீதி வசதி போதாதென்பதாலும் திட்ட அனுமதி விதிகளாலும் அரங்கின் கொள்ளளவு 10,000 ஆக மட்டுப்படுத்தப்பட்டது. கட்டப்பட்டவற்றுள் பாதிக்கும் மேலான ஆசனங்கள் சட்டப்படியே வெறுமையாக இருக்க வேண்டியவை!

வெற்று ஆசனம் சும்மா கிடப்பதில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விற்காமல் திரும்பி வரும் பிரதிக்கும் தாள் செலவு உண்டு, மை செலவு உண்டு, ஏற்றியிறக்கும் கூலி உண்டு. அரங்கும் அப்படித்தான். ஈராயிரம் பேர் வந்தாலும் விளக்குகள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கூரையைப் பழுதுபார்க்க வேண்டும். காப்புறுதியும் வரியும் கட்ட வேண்டும். வருமானமோ வந்தவர்களின் தலைக்கணக்கில் மட்டும்.

பணத்தைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. நிறைந்த சிறிய மைதானத்தில் மூவாயிரம் பேர் எழுப்பும் ஆரவாரம் எதிரணியின் கால்களைத் தடுமாற வைக்கும். அதே மூவாயிரம் பேர் 25,000 ஆசனங்களுக்கிடையே சிதறி இருந்தால் அவர்கள் குரல் கூரையில் மோதிக் கரைந்து போகும். எந்த ஆட்டத்துக்கும் எந்த நேரத்திலும் இடம் கிடைக்கும் என்று தெரிந்த பின் எவரும் முற்கூட்டியே பருவச் சீட்டு வாங்கப் போவதில்லை. மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வெறுமை மேலும் வெறுமையை வளர்க்கும்.

அரங்கு திறந்த சில மாதங்களிலேயே, 2003 டிசம்பரில், கழகம் வங்குரோத்து நிலையை அடைந்து நீதிமன்ற நிர்வாகியின் கைக்குப் போனது. அடுத்த மாதம் ரெனோல்ட்ஸ் வெளியேறினார். 2004 இல் அவருடைய காரின் பின்பெட்டியில் ஐந்து இலட்சம் பவுண் ரொக்கப் பணத்தைப் பொலிஸார் கண்டெடுத்தனர். 2005 இல் வரி மோசடிக்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 இல் அவர் காலமானார். அவரை வெறும் கோமாளியாகவோ கள்ளனாகவோ மட்டும் வரைந்துவிட்டால் கதை சுலபமாகிவிடும். ஆனால் அந்த அரங்கு எழும்பியபோது அதில் பெருமை கொண்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

அரங்கின் பெயர் பலமுறை மாறியது. சில ஆண்டுகள் ஊரின் நாளேடான 'நோர்தேர்ன் எக்கோ'வின் பெயரைத் தாங்கி நின்றது. 1870 இல் தொடங்கிய ஏடு அது. டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய டபிள்யூ. ரி. ஸ்ரெட் என்ற புகழ்பெற்ற பத்திராதிபர் இளமையில் ஆசிரியராக இருந்த ஏடு. ஒரு பத்திரிகை தன் ஊர்க் கழகத்துக்குக் கைகொடுக்க முன்வந்தது மதிக்கத்தக்கது. ஆயினும் பெயர்ப்பலகை மாறியதே தவிர உள்ளேயிருந்த வெறுமை மாறவில்லை. 2009 இல் மீண்டும் நிர்வாகியின் கை. 2010 இல் தொழில்முறை லீக்கிலிருந்தே இறக்கம். 2011 இல் வெம்பிளியில் மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் அடித்த கோலால் எஃப். ஏ. ட்ரொபியை வென்ற பின்னரும், 2012 ஜனவரியில் மூன்றாம் தடவையாகக் கழகம் வீழ்ந்தது. மூடப்பட வேண்டிய நாளில், கடைசி நிமிடங்களில், ரசிகர்கள் திரட்டிய பணம் அதைக் காப்பாற்றியது.

அரங்கை விட்டு வெளியேறுவதா என்ற கேள்வி அப்போது தவிர்க்க முடியாததாயிற்று. விடைக்கும் விலை இருந்தது. டார்லிங்டனில் அவர்களுக்கு வேறு மைதானம் இல்லை. பீதம்ஸ் ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே பன்னிரண்டு மைல் அளவு தொலைவிலுள்ள பிஷப் ஓக்லண்ட் என்ற சிற்றூரின் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளப் போனார்கள். கடன்காரர்களுடன் உடன்பாடு காண முடியாததால் உதைபந்தாட்டச் சங்கம் அதைப் புதுக் கழகமாகக் கருதி நான்கு படிகள் கீழே இறக்கியது. பழைய பெயரையும் வைத்துக்கொள்ள விடவில்லை. 'டார்லிங்டன் 1883' என்ற பெயரோடு ஒன்பதாம் படியில் புதிதாகத் தொடங்கினார்கள். பெரிய அரங்கைச் சுமார் இருபது இலட்சம் பவுணுக்கு ஊரின் றக்பி கழகமொன்று வாங்கியது. கட்டிய செலவில் ஒன்பதில் ஒரு பங்கு.

தலைப்பெழுதுபவர் இதைத்தான் வீழ்ச்சி என்பார். ஆனால் நடந்தது என்ன? கழகம் ரசிகர்களின் உடைமையாயிற்று. முதற் பருவத்திலேயே 122 புள்ளிகளுடன் சம்பியனானது. நான்கு பருவங்களில் மூன்று முறை மேலேறியது. 2016 டிசம்பர் 26 அன்று தன் ஊருக்குத் திரும்பி, பிளாக்வெல் மெடோஸ் என்ற சிறிய றக்பி மைதானத்தில் ஆடத் தொடங்கியது. 2017 இல் பழைய பெயரும் திரும்பக் கிடைத்தது.

இங்கே நிறுத்தினால் 'சிறியதே அழகு' என்ற நீதியோடு கட்டுரையை முடித்துவிடலாம். கதை அங்கே முடியவில்லை. 2016 - 17 பருவத்தில் தேசிய லீக்கின் வட பிரிவில் ஐந்தாம் இடத்தைப் பிடித்து, மேலேறுவதற்கான தகுதிகாண் ஆட்டங்களில் ஆடும் உரிமையை அணி சம்பாதித்தது. ஆனால் ஆட விடவில்லை. காரணம், மேற்பிரிவுக்குக் குறைந்தது ஐந்நூறு ஆசனங்கள் வேண்டுமென்ற விதி. அந்த மைதானத்தில் அவ்வளவு இல்லை. இருபத்தையாயிரம் ஆசனங்களால் மூழ்கிய கழகம், சில நூறு ஆசனங்கள் போதாமல் வாசலில் நிறுத்தப்பட்டது. பின்னர் ரசிகர்கள் பணம் சேர்த்து ஆசனங்களை அதிகரித்தார்கள். அந்தப் பருவம் திரும்பி வருமா?

ஆகவே சிறிய மைதானமும் தன்னளவில் மருந்தன்று. வசதி படைத்தவர்களுக்குக்கூட இது பொருந்தும். 1990 உலகக் கிண்ணத்துக்காக டூரினில் கட்டப்பட்ட டெல்லே அல்ப்பி அரங்கில் ஏறக்குறைய 69,000 பேர் அமரலாம். ஓடுபாதைக்கு அப்பால் வெகுதொலைவில் பார்வையாளர் இருந்தனர். 2001 - 02 பருவத்தில் அங்கு யுவென்ரஸ் ஆடிய இத்தாலியக் கிண்ண ஆட்டமொன்றுக்கு வந்தவர்கள் 237 பேர். 2006 இல் யுவென்ரஸ் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டபோது சுமார் 27,000 பேர் கொள்ளும் அரங்குக்கு மாறியது. பழைய இடத்திலேயே 2011 இல் திறந்த புது அரங்கையும் 41,000 அளவில்தான் கட்டியது. பெருங்கழகமொன்று தன்னுடைய பார்வையாளரைத் தானே எண்ணிப் பார்த்து, அந்த எண்ணுக்குச் சற்று மேலே சுவரை எழுப்பியது. டார்லிங்டனில் எவரும் எண்ணவில்லை. முதலில் கனவுக்கு அளவெடுத்தார்கள். பின்னர் வறுமைக்கு அளவெடுத்தார்கள். இரண்டு முறையும் வழக்கமாக வரும் அந்த ஈராயிரம் பேருக்கு அளவெடுக்கவில்லை.

இடம் மாற யோசிக்கும் எந்தக் கழகமும் முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு பெரியவர்களாக ஆசைப்படுகிறோம்?' என்பதன்று. மாரி காலத்தில், செவ்வாய்க்கிழமை இரவில், நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற பின்னரும் யார் வருவார்கள் என்பதே. அவர்கள் அனைவரும் நெருங்கி இருக்கத்தக்க இடம் வேண்டும். அவர்கள் நடந்தோ ஒரு பஸ் ஏறியோ வரத்தக்க இடம் வேண்டும். நாளை ஒரு படி மேலே போனால் இன்னொரு வரிசை ஆசனம் போடுவதற்கு ஓரத்தில் கொஞ்ச நிலமும் வேண்டும். 2012 ஜனவரியில் டார்லிங்டனைக் காப்பாற்றியவர்கள், அந்த அரங்கின் பளிங்குத் தரையில் அவ்வளவு காலமும் சிறு தொகையாகத் தெரிந்த அந்த ஈராயிரம் பேர்தான்.