தோளில் மாட்டிய தகரம்

ஸைடிகோ, லூசியானாவின் கறுப்பின கிரியோல் மக்களுடைய ஆட்ட இசை. அதன் ராஜா கிளிஃப்டன் ஷெனியர். எல்லாரும் அவருடைய அக்கார்டியனைக் கேட்பார்கள். என் காது மட்டும் அவர் அண்ணன் கிளெவ்லண்டிடம் போய்விடும். துணி துவைக்கிற தகரப் பலகையைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வாசித்த காலம் அது. 1946-இல் கிளிஃப்டன், தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு நெளிதகரம் வேண்டுமென்று மணலில் படம் வரைந்து காட்ட, வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளி செய்து கொடுத்தார். பாட்டில் ஓப்பனர்களால் அதை உரசி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாமல் பார்த்துக்கொண்டார் கிளெவ்லண்ட். சர்வர் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. விழாதவரை யாரும் எங்களைத் தேடுவதில்லை. அப்படிப்பட்ட வேலைக்காரனின் தோள்வலியை மேடை நடுவில் நின்றவர் யோசித்திருக்கிறார். அந்த மணல் படம்தான் எனக்குப் பிடித்த ஸைடிகோ.