வழியனுப்பும் வேலை

பிலிப்பைன்ஸில் செபு மிஷன் அலுவலகத்தில் நானும் என் கணவரும் மூத்த தம்பதி மிஷனரிகளாக இருக்கிறோம். வீட்டு வாடகை, கொசுவலை, தண்ணீர் வடிகட்டி, விசா காகிதம் என்று எங்களுக்கு வேலைகள் பல. அவற்றில் நான் மனதார நேசிக்கும் வேலை, ஊழியம் முடித்த பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவைப்பது. எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் எல்டர்கள் எனப்படும் இளைஞர்கள் 2 வருடமும் சிஸ்டர்கள் எனப்படும் இளம்பெண்கள் 18 மாதமும் ஊழியம் செய்கிறார்கள். ஏறக்குறைய 6 வாரத்துக்கு ஒருமுறை மிஷனரிகளை இடம் மாற்றும் டிரான்ஸ்பர் வரும். ஒவ்வொரு டிரான்ஸ்பரிலும் சிலர் கிளம்புவார்கள். இந்த ஊழியத்துக்கு வர நினைக்கிற தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர், எங்களுக்கு முன்பு அலுவலகத்தில் இருந்த வயதான சகோதரி. அதிகம் பேசமாட்டார். பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசு அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். “காகிதம், பெட்டி, சாப்பாடு. இந்த மூன்றும் முடிந்திருந்தால்தான் பிள்ளை நிம்மதியாக அழமுடியும்” என்பார். கவலையோடு நிற்கிற பிள்ளைக்கு விடைபெற மனம் ஓடாது. அதனால் கவலையை முன்னதாகவே அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் காகிதம். தற்காலிக விசாவில் 6 மாதத்துக்கு மேல் தங்கிய வெளிநாட்டவர் கிளம்புவதற்குக் குடிவரவுத் துறையின் இசிசி என்ற வெளியேறும் அனுமதிச் சான்று வேண்டும். ரொம்ப முன்னால் வாங்கினால் காலாவதியாகிவிடும். கடைசி நாளில் ஓடினால் கையில் கிடைக்காது. பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் தப்பிவிடும்.

அடுத்தது பெட்டி. வெளிநாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. உலர்ந்த மாம்பழப் பொட்டலமும் சபையார் கொடுத்த பரிசுகளும் சேர்ந்தால் எடை தாண்டிவிடும். கிளம்புகிற அன்று எடைபோட்டால் விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்று தவிக்க நேரும். இரண்டு நாள் முன்பே எடைபோடுங்கள். நல்ல வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து மடித்து, அடுத்து வருபவருக்காக வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கனமும் குறையும், கொடுத்த நிறைவும் இருக்கும்.

மக்தான் தீவில் செய்யும் கிதாரை ஒரு எல்டர் வாங்கிவைத்திருந்தான். துணிப்பையில் போட்டு அப்படியே அனுப்பப் பார்த்தான். சகோதரி அதை மடியில் வைத்து, முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி நரம்புகளைத் தளர்த்தினார். கழுத்துக்கு அடியில் சட்டையைச் சுருட்டிவைத்தார். கெட்டிப்பெட்டி வாங்கிவரச் சொல்லிப் பூட்டினார். அந்த எல்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே தன் ஊழியத்தின் கதை முழுவதையும் சொல்லிமுடித்தான். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதை அன்று கற்றேன். இப்போதெல்லாம் பெட்டி கட்டும்போது நான் அவசரப்படுவதே இல்லை.

கடைசி இரவு மிஷன் பிரசிடென்ட் வீட்டில் சாப்பாடு. பான்சிட், லும்பியா, மாம்பழம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். அணைப்பும் கண்ணீரும் அங்கேயே நடந்துவிடட்டும். விமான நிலைய வாசலில் நேரமும் இல்லை, இடமும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வீட்டுக்குப் போவதில்லை. ஒருவனுக்காக அமெரிக்காவில் குடும்பமே பதாகையோடு காத்திருக்கும். மிந்தனாவோவிலிருந்து வந்த ஒரு சிஸ்டர், தன் வீட்டில் சபையில் சேர்ந்த ஒரே ஆளாக இருப்பாள். துறைமுகத்தில் அவளை அழைத்துப்போக யாரும் வராமலும் போகலாம். கப்பலில் போகிறாளோ உள்நாட்டு விமானத்தில் போகிறாளோ, அவளுக்கும் அதே சாப்பாடு, அதே எடைபார்ப்பு, அதே நேரம் கொடுங்கள். அவள் ஊர்ச் சபையான வார்டில் யாரிடமாவது முன்பே பேசி, அழைக்க ஆள் வரும்படி செய்யுங்கள். இதை மட்டும் எந்த டிரான்ஸ்பரிலும் விட்டுவிடாதீர்கள்.

கிளம்புகிறவரைவிடத் தங்குகிற கம்பேனியனுக்கு, அதாவது ஜோடி மிஷனரிக்கு, மனது அதிகம் நொறுங்கும். மூன்று மாதம் ஒரே அறையில் தூங்கி, ஒரே தெருவில் நடந்து, சேர்ந்தே ஜெபித்தவன் போய்விட்டான். புதுக் கம்பேனியன் வந்துசேரும்வரை அவனைத் தனியாக உட்காரவிடாதீர்கள். அலுவலகத்துக்கு அழைத்துவந்து பெட்டி தூக்கவோ சாவி எண்ணவோ வேலை கொடுத்து, மதியம் சோறு போடுங்கள்.

செபுவில் பழைய சபையார் 2020 மார்ச் மாதத்தைப் பற்றி இன்னும் பேசுவார்கள். கொரோனா தொற்று பரவியபோது வெளிநாட்டு மிஷனரிகளை அவசரமாக ஊருக்கு அனுப்பினார்கள். சில பிள்ளைகளுக்குத் தாங்கள் போதித்த குடும்பங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை. அந்தக் குடும்பங்களில் ஒரு தாய் என்னிடம் சொல்லியிருக்கிறார், பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் கொண்டுபோனதுபோல் இருந்தது என்று. அதைக் கேட்டதிலிருந்து, கடைசி வாரத்தில் பிள்ளைகள் எந்தெந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று அவர்களிடமே பட்டியல் எழுதி வாங்குகிறேன். கடைசி நாள்வரை போதிக்கும் வேலையும் நிற்காது. போதிக்கிற வீட்டிலேயே விடைபெற்று வருவார்கள்.

விமானத்திலும் அவர்கள் மிஷனரிகள்தான். ஊரில் வட்டாரச் சபைத் தலைவரான ஸ்டேக் பிரசிடென்ட் விடுவிக்கும்வரை பேட்ஜ் சட்டையில் இருக்கும். ஆகையால் “எல்லாம் முடிந்தது, ஓய்வெடு” என்று சொல்லி அனுப்பாதீர்கள். பக்கத்து இருக்கையில் யார் உட்காருவாரோ, அவரிடம் அன்பாக இரு என்று சொல்லுங்கள்.

பிரிகிற வலி எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வருகிறது. அதற்குப் பயந்து பிள்ளைகளிடம் ஒட்டாமல் இருக்கலாம் என்று வரப்போகிறவர்கள் யாராவது நினைத்தால், வேண்டாம். ஒட்டாத கை பெட்டியைச் சரியாகக் கட்டாது, பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்காது. முழுமனதோடு நேசியுங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்ட அதே வண்டி, அதே வாரத்தில், பதினெட்டு பத்தொன்பது வயதுப் புதிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கும் உங்கள் முழுமனது வேண்டும்.