காந்தத்தைப் பிடித்துவைக்கும் கைகள்

கொழும்பு, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்த மோட்டர் கடை. வாசலில் தண்ணீர்ப் பம்பிகள், இறக்கை கழற்றிய மின்விசிறிகள். உள்ளே போகப் போக வார்னிஷ் மணம். எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற பெரியவர் வடமராட்சிக்காரர். உதவிக்கு ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் நிற்கிறான்.

கடைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதிக்கு நிரந்தரக் காந்தத்தோடு தொடர்பில்லை. பம்பியிலும் சாதாரண மின்விசிறியிலும் செப்புக் கம்பிச் சுருளே மின்சாரம் பாயும்போது காந்தமாகிறது. கருகிய கம்பியை வெட்டியெடுத்துப் புதுக் கம்பி சுற்றினால் முடிந்தது. நான் பார்க்கப் போனது வேறு: நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டர்கள், அவற்றிலும் காந்தம் இடம்பெயர்ந்து நின்றுபோனவை.

மேசையில் ஒரு முச்சக்கர வண்டியின் ஸ்டார்ட்டர் திறந்து கிடந்தது. இரும்புக் கூட்டின் உட்சுவரில் இருக்க வேண்டிய காந்தங்களில் ஒன்று கழன்று, நடுவில் சுழலும் ஆமேச்சரோடு இறுகியிருந்தது. பையன் அதை மரக்குச்சியால் நெம்பினான். “இரும்பு போட்டு நெம்புனா ஓரம் உடைஞ்சிரும்ணே” என்றான். பெரியவர் அந்தத் துண்டைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார்.

“பாரும் தம்பி, பசை முழுக்கக் காந்தத்தோட வந்திட்டுது. கூட்டில ஒரு பொட்டும் மிச்சமில்லை.”

உற்பத்தியான இடத்தில் கூட்டின் எண்ணெயைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அதற்கு மேல், இயந்திரம் பிடிக்காதபோது சாரதி விடாமல் ஸ்டார்ட்டரை அழுத்துவார். சில விநாடி ஓடுவதற்காகச் செய்த மோட்டர் அப்போது கொதிக்கும். எப்பொக்சிப் பசை எதுவானாலும் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகத் தொடங்கும். அந்த நேரத்து அதிர்வு போதும்.

இந்தக் கறுப்புக் காந்தத்துக்குப் பெரைட் என்று பெயர். இரும்பு ஒக்சைட்டோடு ஸ்ட்ரொன்சியம் அல்லது பேரியம் சேர்ந்த பொருளைச் சூளையில் சுட்டுச் செய்வது. 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடம் இதை உலகுக்குத் தந்தது. விலை மலிவு, துருப்பிடிக்காது. ஆனால் மட்பாண்டத்தின் குணம் அப்படியே உண்டு: அமுக்கினால் தாங்கும், வளைத்தால் உடையும். பெரியவரின் வேலை முழுவதும் இந்தக் குணத்தை அறிந்து செய்கிற வேலை.

மீண்டும் பசை வைக்க அவருக்கு மனமில்லை. கூட்டைச் சுரண்டித் தின்னரால் துடைத்தார். வெளிப்புறத்திலிருந்து பஞ்ச் வைத்துத் தட்டி, உட்சுவரில் சிறு புடைப்புகள் எழச் செய்தார். காந்தத்தின் ஒரு விளிம்பு அதில் முட்டி நிற்கும். மறு விளிம்புக்கும் அடுத்த காந்தத்துக்கும் இடையில் ஒரு ஸ்பிரிங் கிளிப். பெட்டிகளைக் கட்டி வருகிற இரும்புப் பட்டியைத் துண்டாக்கி, குறட்டால் வளைத்து, அரத்தால் முனை மழுக்கி அவரே செய்தது. அது விரிய முயலும்போது இரண்டு காந்தங்களும் எதிரெதிர்ப் புடைப்புகளை நோக்கித் தள்ளப்படுகின்றன. விசை விளிம்புகளின் வழியாகப் போகிறது. காந்தம் அமுங்குகிறது, வளைவதில்லை. பல கார் ஸ்டார்ட்டர்களும் வைப்பர் மோட்டர்களும் தொழிற்சாலையிலிருந்தே இந்த முறையில்தான் வருகின்றன. அவற்றைத் திறந்து திறந்து பார்த்துப் பழகியதாகச் சொன்னார்.

“காந்தம் தானே இரும்பைப் பிடிச்சுக்கொண்டிருக்கும். நாங்கள் வழுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.”

கழற்றும்போதே பையன் சோக்கால் குறி வைத்திருந்தான். வடக்கும் தெற்கும் மாறிமாறி வராவிட்டால் மோட்டர் திணறும். கடைசியில் பெரியவர் ஆமேச்சரைக் கையால் சுழற்றிக் காதைக் கூட்டருகே வைத்துக் கேட்டார். இடைவெளி ஒரு மில்லிமீற்றரும் இல்லாத இடம். கிளிப் சற்று எழும்பியிருந்தாலும் உரசல் கேட்கும். அந்த ஒரு வேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமையை நான் எந்தப் பொறியியல் பட்டறையிலும் கண்டதில்லை.

இங்கே காந்தம் அசையாத கூட்டில் இருக்கிறது. அதையே சுழலும் உருளையின் மேற்பரப்பில் வைத்தால் கதை மாறும். 10 கிராம் காந்தம், அச்சிலிருந்து 25 மில்லிமீற்றர் தள்ளி, நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், அதைப் பிடித்துவைக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, அதாவது 10 கிலோ. எனவே உருளையைச் சுற்றிக் கண்ணாடியிழை நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். அல்லது மெல்லிய துருவேறா உருக்குக் குழாயைச் சூடாக்கி மேலே செருகி, ஆறும்போது இறுக விடுவார்கள். 2021இல் வந்த டெஸ்லா மொடல் எஸ் பிளெயிட் காரில் கார்பன் இழை உறை. கொழும்பு வீதிகளில் நிறைந்திருக்கும் பிரியஸ், லீஃப் கார்களில் காந்தங்கள் உருளையின் உருக்குத் தகடுகளுக்குள் வெட்டிய பொந்துகளில் புதைந்திருக்கின்றன. வெளியே பாயவிடாமல் உருக்கே தடுக்கிறது. பொந்துக்குள் ஆடாமலிருக்கப் பிசின் ஊற்றுவதும் உண்டு. ஆனால் சுமையைத் தாங்குவது வடிவம்.

வெள்ளவத்தையில் மின்சார சைக்கிள் திருத்துகிற ஒருவரிடம் போனபோது எதிரி வேறாக இருந்தது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் அவருடைய கடை. ரயில் பாதையைத் தாண்டினால் அலை. சில்லின் நடுவே இருக்கும் மோட்டரில் வெளிக்கூடு சுழல்கிறது, காந்தங்கள் அதன் உட்புறத்தில் வரிசையாக இருக்கின்றன. சுழற்சி அவற்றைக் கூட்டோடு அழுத்துவதால் பறந்துபோகும் பயம் இல்லை. பயம் உப்புக் காற்றுக்கு. இவை 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தங்கள்: பலம் மிக அதிகம், நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் துருவும் விரைவு. துரு ஊதிப் பசையைக் கிளப்பிவிடும்.

இன்னொரு குணமும் இருக்கிறது. சூடேறும்போது நியோடிமியம் காந்தம் தன் துருவத் திசையில் நீள்கிறது. குறுக்குவாட்டில் மிகச் சிறிதளவு சுருங்குகிறது. கூட்டின் உருக்கோ எல்லாத் திசையிலும் விரிகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் சூடாகி, ஒவ்வொரு இறக்கத்திலும் ஆறி, இடையில் இருக்கும் பசைப் படலம் இரு பக்கமும் இழுபடுகிறது.

அவர் செய்வது இதுதான்: கழன்றதைச் சுத்தம் செய்து, காந்தங்களுக்கிடையிலுள்ள இடுக்குகளில் பேக்லைட் கீற்றுகளை ஆப்பாக இறுக்குகிறார். ஒன்று மற்றதை நகரவிடாது. “இனிப் பசை விட்டாலும் ஓடும் அண்ணை” என்றார். ஏதாவது ஒரு காந்தம் பிறகு பழுதானால் கீற்றை உருவி மாற்றலாம் என்பது அவருக்கு முக்கியம்.

எனக்கும் அதுதான் முக்கியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. பெற்றோல் வரிசை நீண்ட அந்த நாட்களில் இந்த ஊரை ஓடவைத்தது பழுதுபார்க்கும் கைகள். பசையால் மூடிய மோட்டர் அந்தக் கைகளுக்கு வேலை தராது. கழற்ற வேண்டுமென்றால் சூடாக்க வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 பாகைக்கு மேலேயே பலம் இழக்கத் தொடங்கும், 310 பாகை அளவில் காந்தமே இல்லாமல் போகும். சூடாக்காமல் நெம்பினால் உடையும். புதுக் காந்தம் வாங்குவதும் எப்போதும் எளிதல்ல: 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது பெரிய கார்க் கம்பனிகளே தடுமாறின. இறக்குமதி செய்கிறவர்கள் விலையையும் வேகத்தையும் கேட்பதோடு, காந்தம் எப்படி நிற்கிறது என்றும் கேட்க வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கடையின் பின்பக்கத் தட்டில் ஒரு பால்மா டின் இருக்கிறது. இறந்த மோட்டர்களிலிருந்து எடுத்த காந்தங்கள், சோடி சோடியாக, நடுவில் மட்டை வைத்து. பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள் செம்பை மட்டும் கேட்பார்கள், இவற்றைத் தொடமாட்டார்கள். டின்னில் இருப்பவை பெரும்பாலும் கிளிப்பில் நின்றவை என்று பையன் சொன்னான்; ஒட்டியவை முழுதாக வருவது அரிது. தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்த டின்னிலிருந்தே பல ஸ்டார்ட்டர்களுக்குக் காந்தம் போயிருக்கிறது.

சாரதி வந்து ஸ்டார்ட்டரை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் உத்தரவாதம் கேட்டார். கிளிப் போட்டதற்கு ஆறு மாதம் என்றார் பெரியவர். பசைக்கு அவர் கொடுப்பதில்லை.