முகம் தெரியும் வெளிச்சம்

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. சென்னையில் கேமராவைத் தோளில் மாட்டியவர்களுக்கு இது அறுவடைக் காலம். விடியலில் கடல், சாயங்காலம் கச்சேரி, பொங்கலுக்குத் தெருவெல்லாம் பறை, மாசியில் கடற்கரைக்கு வரும் சாமிகள் என்று மூன்று மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.

இருட்டோடு இருட்டாக ஊரூர் குப்பத்துக்குப் போய்விட்டேன். வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகங்கள் தொடுவானத்தில் கிடந்தன. ஆறரை மணிக்குள் சூரியன் அவற்றுக்கு மேலே வந்தது. இரவில் போன ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பார்த்துக் கேமராவைப் பிடித்தால் படகு, துடுப்பு, குனிந்த முதுகு எல்லாமே கருநிழலாகத்தான் விழும். சென்னைக் கடற்கரைப் படங்களில் பெரும்பாலானவை இப்படி எடுக்கப்பட்டவை. பார்க்க அழகாக இருக்கும். அந்த நிழலுக்குள் இருப்பவர் யார் என்று மட்டும் தெரியாது. போன வருஷத்துப் படம் ஒன்றை இன்று மீன் விற்கும் பாட்டியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீது கண்ணு. ஆனா இது யாரு? எம் புள்ளையா, அவன் மச்சானா?" என்றார்.

நியாயமான கேள்வி. முழங்கால் தண்ணீரில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். இப்போது சூரியன் எனக்குப் பின்னால்; வெளிச்சம் நேராக அவர்கள் முகத்தில். புருவத்தில் காய்ந்த உப்பும், வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கும் விரலில் சுற்றிய பழந்துணியும் தெளிவாகத் தெரிந்தன. ஏழரைக்கு மேல் வெயில் ஏறிக் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டிவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறேன். முகம் தெரிய வேண்டும். பெயர் கேட்டு எழுத வேண்டும். மணலிலும் சரி, மேடையிலும் சரி.

டிசம்பர் 21

விடியற்காலை மயிலாப்பூர் மாட வீதி. பாபநாசம் சிவன் மார்கழி பஜனை நடத்திய வீதிகள் இவை. ஜால்ராவும் ஆர்மோனியமும் நகர்ந்துகொண்டே இருக்க, நாமும் பின்னோக்கி நடந்தபடி எடுக்க வேண்டும். கோலத்தை மிதிக்காமல் நடப்பது தனிக் கலை.

சாயங்காலம் சபா. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அங்கேதான். சபாக்கள் பெருகிவிட்டன. படம் எடுப்பவருக்கான ஒழுங்கு மட்டும் மாறவில்லை: ஃபிளாஷ் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது, ஷட்டர் சத்தம் முன்வரிசைக்குக் கேட்கக் கூடாது.

மிரர்லெஸ் கேமராவில் ஓசையில்லா ஷட்டர் இருக்கிறது. ஆனால் மேடையில் எல்.இ.டி. விளக்கு என்றால் அதை நம்ப முடியாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஓசையில்லா ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பாடகர் நெற்றியில் பட்டை பட்டையாக விழும். 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அந்த வேகத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள் கலங்கிப் போகும். நான் விரல்களை விட்டுவிட்டு முகத்தைப் பிடிக்கிறேன். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடிந்து சமத்தில் வந்து விழும் கணத்தில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பார்வை எப்போது வரும் என்று உடம்புக்கே தெரியும். அதனால்தான் கச்சேரி கேட்கத் தெரியாமல் கச்சேரியைப் படமெடுக்க முடியாது என்று சொல்கிறேன்.

இன்று நான் அதிகம் எடுத்தது தம்புரா மீட்டிய பெண்ணை. இரண்டரை மணி நேரம் சுருதி அசையாமல் காத்தவர் அவர். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் எல்லாப் படத்திலும் அவர் பாதி மறைந்துதான் வருவார். பத்திரிகைச் செய்தியிலும் அழைப்பிதழிலும் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. மேடையின் வலது ஓரத்துக்குப் போனால் வயலின்காரரின் தோளுக்கு மேலாக ஓர் இடைவெளி கிடைக்கிறது. அதன் வழியே அவர் முகத்தை முழுதாக எடுத்தேன். கச்சேரி முடிந்ததும் பெயரைக் கேட்டுப் படத்தோடு சேர்த்து எழுதிவிட்டேன்.

டிசம்பர் 26

2004-இல் இதே நாள். ஒவ்வொரு வருஷமும் காலையில் குப்பங்களில் கடலில் பாலை ஊற்றிப் பூவைத் தூவுகிறார்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பக்கம் நின்றேன். ஆழிப்பேரலை அடித்துப்போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா செம்பைக் கவிழ்த்த பிறகும் நெடுநேரம் தண்ணீரிலேயே நின்றார். நான் கேமராவைத் தூக்கவில்லை. திரும்பி வரும்போது அவரே, "எங்க வூட்டுக்காரர் படம் ஒண்ணு இருக்குது. ஓரமெல்லாம் கிழிஞ்சிடிச்சு. பெருசு பண்ணித் தருவியா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் படத்தை எடுத்தவர் ஏதோ ஒரு ஸ்டூடியோக்காரர். நல்ல வெளிச்சத்தில், முகம் நன்றாகத் தெரிய எடுத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அலைக்குப் பிறகு வந்த உதவியோடுதான் இந்தக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு நிறைந்தது. இன்றும் ஒன்றிரண்டு கட்டுமரங்கள் இருக்கின்றன. கண்ட இடத்தில் கயிற்று முடிச்சு வரை எடுத்து வைக்கிறேன்.

டிசம்பர் 30

எலியட்ஸ் கடற்கரையில் உள்ள வெள்ளை வளைவைப் படமெடுக்காதவர் சென்னையில் இல்லை. அது கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவிடம். 1930 டிசம்பர் 30 அன்று கடலில் தத்தளித்த ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். கல்யாண ஆல்பத்துக்கு இன்றும் இரண்டு ஜோடிகள் வந்திருந்தார்கள். அவர்களோடு வந்த போட்டோகிராபர் தம்பிகளிடம் கதையைச் சொன்னேன். ஒருவர் உடனே மணமக்களை அழைத்துக் கல்வெட்டைக் காட்டினார். கடல் படத்துக்குப் பின்னால் இருக்கும் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் காது கொடுத்துத்தான் கேட்கிறார்கள்.

ஜனவரி 4

எண்ணூர். துறைமுகத்துக்குத் தெற்கே வளர்ந்தவன் நான். வடக்கே போகும்போதெல்லாம் ஒரே நகரத்துக்கு இரண்டு கரைகள் இருப்பது உறைக்கும். நம் கடலோரத்தில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரித்தது. அங்கே இப்போது கருங்கல் கொட்டிய சுவர்தான் கடற்கரை. மெரினாவின் அகலத்தைப் படமெடுக்கும்போது இந்தக் கல்லையும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே கதை.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது, வெறுங்கை. சேற்றைத் துழாவி, விரலில் தட்டும் இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைக் கூடைக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் கூடைக்குப் பல்தான் பிடி. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். காலடியில் சாம்பல் கலந்த சேறு.

கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' 2017 ஜனவரியில் வெளியானபோது அதன் காட்சிகள் இந்தக் கழிமுகத்தில்தான் எடுக்கப்பட்டிருந்தன. கபேர் வாசுகி பேச்சுத் தமிழில் எழுதியதைக் கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடினார். சபா மேடையில் கேட்டுப் பழகிய குரல் சாம்பல் மேட்டின் நடுவே நின்று பாடியதைப் பார்த்தபோதுதான், என் மாலை வேலையும் காலை வேலையும் ஒரே வேலை என்று எனக்குப் பிடிபட்டது. இசையும் கரையும் இந்த ஊரில் வேறு வேறு ஆட்களுடையவை என்று பழகிப்போயிருந்தோம். அந்தக் காட்சி அதை உடைத்தது.

ஜனவரி 15

பொங்கல். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் இடையில் பல வருஷம் நின்றிருந்து, 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா'வாகத் திரும்பியது. இன்று சாயங்காலம் மேடைக்கு முன்னால் போய் நிற்காமல் பின்பக்கம் போனேன். மேடைக்கு முன்னால் ஊதாவும் சிவப்புமாக விளக்கு மாறிக்கொண்டே இருந்தது. அந்த நிறத்தில் எந்த முகத்தின் தோலும் அதன் நிறத்தில் வராது. பின்னால் பறைக் குழு தீ மூட்டியிருந்தது.

பறையை அடிப்பதற்கு முன் காய்ச்ச வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். வேப்பங்கட்டையில் செய்த வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தீயின் மேல் காட்டினார் குழுவின் மூத்த அண்ணன். நடுவில் எடுத்து விரலால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். தலையை அசைத்துவிட்டு மறுபடி தீயில் காட்டினார். அடுத்த தட்டில் ஒலி கணீரென்று எழுந்தது. சபாவில் தம்புராவின் ஜீவாளியைச் சரிசெய்யும் விரலுக்கு இருக்கும் அதே கவனம். தீ வெளிச்சம் ஒன்றே போதும் என்று ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றிவிட்டேன். படத்தில் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும், தெரியட்டும். அவர் கேட்கும் முகம் கிடைத்துவிட்டது.

குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேர் பெயரையும் எழுதிக்கொண்டேன். "எங்க பேரையா?" என்று கேட்ட கடைசித் தம்பி, தன் பெயரோடு தெருப் பெயரையும் சொல்லி எழுதச் சொன்னான். நாளிதழ்ப் படங்களில் வித்துவானுக்குப் பெயர் இருக்கும். இவர்களுக்கு 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்பதோடு சரி. புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமாரின் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். கடலில் இறங்குகிறவர், குப்பையில் உழல்கிறவர், யாராக இருந்தாலும் அவர் படத்தில் ஆளும் பெயரும் இருக்கும்.

2015-இல் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் இன்னும் பலரும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கியபோது, கர்நாடக இசை குப்பத்து மணலுக்கு வந்தது. பாய் விரித்து உட்கார்ந்து கேட்ட குழந்தைகளின் முகங்களைப் படமாக்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அடுத்து, பறை காய்ச்சும் இந்த முகமும் சபா வரவேற்பறைச் சுவரில் விதூஷிகளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பிப்ரவரி 7

ராத்திரி ஆமை நடை. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்த்து வருகிறது. கேமரா பைக்குள்ளேயே இருந்தது. வெளிச்சம் பட்டால் முட்டையிட வந்த ஆமை திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சமான பக்கமே கடல் என்று நம்பிச் சாலை விளக்கை நோக்கி ஓடும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. மூச்சுக்கு மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கிச் செத்தவை பல. படம் எடுக்காமல் இருப்பதும் இந்தத் தொழிலின் மரியாதைகளில் ஒன்று.

மாசி மகம்

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி மெரினாவுக்கு எழுந்தருளினார். மணலில் கால் புதையப் புதைய நடந்துகொண்டே நாகசுரம் வாசிப்பதற்கு எத்தனை மூச்சு வேண்டும் என்று பக்கத்தில் நடந்தால்தான் தெரியும். இடையில் நின்றபோது நாகசுரக்காரர் சீவாளியைக் கழற்றி, உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, மாற்றினார். மாற்றுச் சீவாளிகளும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் நூலில் கோத்து நாகசுரத்திலேயே தொங்குகின்றன. தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடுகள், இடக்கையில் குச்சி. இங்கேயும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். காலை வெயில் இருவர் முகத்திலும் விழுந்தது. சாமியைப் படமெடுக்க நூறு கைபேசிகள் உயர்ந்திருந்தன. வாசித்தவர்கள் பக்கம் திரும்பியவர்கள் குறைவு.

மார்ச் 30

பிரிண்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், ஊர், வாத்தியம் அல்லது படகு, எடுத்த நாள். இன்று ஊரூர் குப்பத்தில் முதல் கட்டைக் கொடுத்தேன். பாட்டி தன் மகன் படத்தை வாங்கிப் பார்த்து, "இப்பத் தெரியுது" என்றார். பட்டினப்பாக்கத்து அம்மாவிடம் அவர் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுச் சேர்த்துவிட்டேன். பறைக் குழுவுக்கு நாளை போக வேண்டும்.

சொந்த ஊரைப் படமெடுப்பவருக்கு வெளியூர்க்காரரைவிட ஒரு வசதி உண்டு: மறுபடியும் போகலாம். அந்த வசதிக்கு உரிய கடமையும் உண்டு. யாரை எடுத்தோம் என்று சொல்லக் கூடியவர்களாக இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்துக்காக நாள்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, பெயர் கேட்க ஒரு நிமிஷம் இல்லாமல் போகாது. அடுத்த மார்கழிக்கு முன்னால் எனக்குப் பழக்கமான சபாக்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் கடிதம் எழுதப் போகிறேன். நான் எடுக்கும் படங்களை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு, அழைப்பிதழில் தம்புரா மீட்டுபவரின் பெயரும், குழுவின் பெயருக்குக் கீழே பறை அடிப்பவர்கள் அத்தனை பேரின் பெயரும் அச்சாக வேண்டும்.