அரநாயக்கவில் கற்ற கீரைப் பாடம்



மாவனல்லையிலிருந்து அரநாயக்க செல்லும் பஸ்ஸில், பத்தலேகல மலையைப் பார்த்தபடி போனேன். 2016 மே 17இல் இங்கே சாமசர மலை சரிந்து, எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். இடம்பெயர்ந்து வேறு மண்ணில் முதல் கீரைத் தண்டை ஊன்றுவது எப்படியென்று இவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தோட்டத்து லயன் ஒன்றில் ஓர் அக்கா பொன்னாங்காணி ஆய்ந்துகொண்டிருந்தார். சிங்களத்தில் இது முகுணுவென்ன. நட்டுக்கொள்ள நாலு தண்டு கேட்டேன்.

"தாறேன் மிஸ். ஆனா எங்க வாங்கினாலும் பூவைப் பார்த்து வாங்குங்க. காம்பு இல்லாம கணுவுல ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் இது" என்றார்.

அவர் சொன்னது மிகச் சரி. பொன்னாங்காணிக்கு 'அலிகேட்டர் வீட்' என்றொரு நெருங்கிய உறவுச் செடி உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும்; பூ வெள்ளை. ஆனால் அதன் பூ, ஓர் அங்குலத்துக்கும் கூடிய காம்பின் நுனியில் சிறு பந்துபோல நிற்கும். இலையும் தண்டும் பெரியவை. தண்டின் உள்ளே பெரும்பாலும் துளை இருக்கும்.

அதையும் கீரையென்று சமைத்தவர்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் இலங்கையர் பலர் முகுணுவென்ன என்று நம்பி வீட்டுத் தோட்டங்களில் வளர்த்தது 1990களில் தெரியவந்தது. விக்டோரியா மாநிலத்தில் அதைப் பிடுங்கி, பதிலாக வேறொரு பொன்னாங்காணி இனத்தைக் கொடுத்தார்கள். இலங்கையில் 1999இல் மாத்தறைப் பகுதியில் அது கண்டறியப்பட்டது.

அதற்கு விதை தேவையில்லை. ஒரு கணு தண்ணீரில் விழுந்தாலே போதும். பாய்போலப் படர்ந்து வாய்க்காலை அடைக்கும், வயலுக்குள்ளும் இறங்கும். குளத்து நீரை நம்பி வாழும் நமது ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆகவே, தண்டு வாங்கும்போது பூத்த தண்டைக் கேளுங்கள். பூ இல்லையென்றால் முதலில் சட்டியில் நட்டு, பூத்த பிறகு தரையில் வையுங்கள். காம்புப் பூ வந்தால் வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாதீர்கள். அப்படியே வைத்து, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

அக்கா தந்த நாலு தண்டும் இப்போது என் முற்றத்தில் தழைத்திருக்கின்றன. பூக்கள் கணுவிலேயே ஒட்டியிருக்கின்றன. கேட்பவர்களுக்கு நானும் தண்டு கொடுக்கிறேன், பூவைக் காட்டித்தான்.