பதினாலு பேர், பதினேழு பெயர்

கல்யாணப் பத்திரிகையை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? முகூர்த்தம் எத்தனை மணி, மண்டபத்துக்கு எந்த பஸ் என்பதற்கு மேல் நாம் போவதில்லை. ஆனால் ஸார், அது முதல்தரமான கம்ப்யூட்டர் பாடம்!

மாப்பிள்ளை ஒரு பெட்டி. பெயர், படிப்பு, அப்பா பெயர் எல்லாம் அந்தப் பெட்டியின் விவரங்கள். பெண் இன்னொரு பெட்டி. சரி, முகூர்த்தத் தேதி யாருடையது? மாப்பிள்ளையுடையதா, பெண்ணுடையதா? இரண்டு பேருடையதும் இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஓடுகிறதே கல்யாணம் என்கிற கோடு, தேதியும் மண்டபமும் அந்தக் கோட்டுக்குச் சொந்தம். இது புரிந்துவிட்டால், 'என்டிட்டி ரிலேஷன்ஷிப் மாடல்' என்று காலேஜில் பையன்களைப் பயமுறுத்துகிற சமாசாரம் பாதி முடிந்தது.

இதைச் சொன்னவர் பீட்டர் சென். தைவானில் பிறந்து அமெரிக்கா போனவர். 1970-லேயே ஐ.பி.எம்.மில் இருந்த காட் என்பவர், விவரங்களை எல்லாம் அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைக்கலாம் என்று வழி காட்டியிருந்தார். ஆனால் எதற்கெல்லாம் அட்டவணை? எது எதோடு சேரும்? அதை முடிவு செய்ய 1976 மார்ச்சில் சென் ஒரு படம் வரைந்து காட்டினார். ஆட்களும் பொருட்களும் கட்டத்தில். அவற்றுக்குள் இருக்கும் உறவு, சீட்டுக்கட்டு டைமன் மாதிரி சாய்சதுரத்தில். கல்யாணத்தை உறவு என்றும் பார்க்கலாம், தனிப் பொருள் என்றும் பார்க்கலாம், அதை நிர்வாகி முடிவு செய்துகொள்ளட்டும் என்று அதே கட்டுரையில் நழுவுகிறார் மனிதர். எங்கள் வீட்டில் நிர்வாகி யார் என்பதில் சந்தேகமே இல்லாததால் நான் இதற்கு மேல் பேசவில்லை.

இந்தப் பெட்டி வித்தைக்கு நிஜமான வேலை வந்தது முதலிபாளையத்தில். திருப்பூர்ப் பக்கம், சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊர். நிட்வேர் ஃபேஷன் சொல்லித் தருகிற காலேஜும் அங்கேதான். அந்தப் பக்கம் ஒரு சின்ன பனியன் கம்பெனி. பனியன் என்பது பழக்கதோஷம், தைப்பதெல்லாம் டீ-ஷர்ட். முதலாளி என் சினேகிதனின் தம்பி.

"அண்ணா, எக்ஸெல்லுல சனிக்கெழம சம்பளம் போட்டு முடிக்கறதுக்குள்ள ஞாயித்துக்கெழம விடிஞ்சு போயிருதுங்ணா. ஒரு புரோக்ராம் எழுதிக் குடுங்" என்றார்.

"கம்ப்யூட்டர் கிடக்கட்டும். கட்டிங் டேபிள்ல கொஞ்சம் இடம் குடு. துணியில மார்க் பண்ற சாக் இருக்கா?" என்றேன்.

வரைய ஆரம்பித்தோம். பையர் ஒரு பெட்டி. ஆர்டர் ஒரு பெட்டி. ஸ்டைல், டைலர், தையல் வேலை... ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. அப்புறம் கேள்விகள்.

"ஒரு பையர் எத்தனை ஆர்டர் தருவார்?"

"நெறையங்ணா."

"ஒரு ஆர்டர் எத்தனை பையருக்கு?"

"ஒருத்தருக்குத்தானுங்."

இது ஒன்றுக்குப் பல. சுலபம்.

"ஒரு டைலர் எத்தனை வேலை செய்வார்?"

"ஓவர்லாக்கும் ஓட்டுவாரு, பிளாட்லாக்கும் ஓட்டுவாருங்."

"ஒரு வேலையை எத்தனை டைலர் செய்வாங்க?"

"அதுவும் நெறையத்தானுங்."

இது பலவுக்குப் பல. சனிக்கிழமை சண்டை எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. பீஸ் ரேட்டை எங்கே எழுதுவது? அவருடைய எக்ஸெல்லில் வேலைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. கழுத்துப் பட்டி என்றால் ஒரே ரேட். ரவுண்ட் நெக்குக்குக் கழுத்து வைப்பதும், காலர் வைத்த டீ-ஷர்ட்டுக்குக் கழுத்து வைப்பதும் ஒன்றா? டைலர் சும்மா விடுவாரா? ஸ்டைல் பெட்டியில் எழுதினால், ஒரே ஸ்டைலில் ஏழெட்டு வேலை இருக்கிறதே, எதற்கு அந்த ரேட்? ஆக, ரேட் ஸ்டைலுக்கும் சொந்தமில்லை, வேலைக்கும் சொந்தமில்லை. இரண்டையும் இணைக்கிற கோட்டுக்குச் சொந்தம். முகூர்த்தத் தேதி மாதிரி! எந்தத் தேதியிலிருந்து அந்த ரேட் என்பதும் கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வாரம் ரேட் ஏறினால் போன மாசக் கணக்கும் சேர்ந்து ஏறிவிடும்.

அடுத்தது ஆட்கள். அந்தக் கம்பெனியில் மகேஸ்வரி மூன்று பேர். கண்ணாடி மகேஸ்வரி, தாராபுரத்து மகேஸ்வரி, சும்மா மகேஸ்வரி. மனுஷருக்கு இது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. ஆளுக்கொரு எண், மாறாத எண் வேண்டும். எண் போட்டோம்.

கடைசியில் கான்ட்ராக்டர் வந்தார். பவர் டேபிள் மொத்தமும் அவர் பொறுப்பு. எக்ஸெல்லில் அவருக்கு ஒரே வரி: பெயர், போன் நம்பர், ஆள் 14, தொகை. அதை அப்படியே பெட்டியாகப் போட்டுவிடலாம் என்றார் தம்பி.

அப்போது டேபிள் ஓரத்தில் கை நிறையப் பீஸை அணைத்துக்கொண்டு ஓர் அக்கா நின்றிருந்தார். கைமடி வேலை. நாங்கள் எப்போது இடத்தை விடுவோம் என்று காத்திருந்தவர், சாக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங் சார், இதுல நானு எங்கீங்க இருக்கறேன்?"

தேடினோம். கான்ட்ராக்டர் பெட்டிக்குள் '14' என்று ஒரு எண் இருந்ததே, அதற்குள் எங்கேயோ இருந்தார். அவர் பெட்டி இல்லை. இன்னொருவர் பெட்டியின் ஒரு விவரம். பதினாலில் ஒருவர் போய் வேறொருவர் வந்தாலும் அந்த எண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

அவருடைய வழக்கு அதோடு முடியவில்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறார். "மூணு பக்கமும் பி.எஃப். புடிச்சாங்க. மூணு நம்பர் குடுத்தாங்க. ஒரு சீட்டு மழையில நனைஞ்சு போச்சு. அந்தக் காசு எங்கீங்க போச்சு?"

இதுவும் பெட்டிக் கதைதான். அந்தக் காலத்து பி.எஃப். நம்பர் என்பது கம்பெனியின் குறியீடும் அதில் உங்கள் வரிசை எண்ணும் சேர்ந்தது. அதாவது ஆளின் நம்பர் இல்லை. ஆளையும் கம்பெனியையும் இணைத்த கோட்டின் நம்பர். கம்பெனி மாறினால் புது நம்பர். பழைய காசைப் புதுக் கணக்குக்குக் கொண்டுவர ஃபாரம் நிரப்பி அலைய வேண்டும். சீஸனுக்கு ஒரு கம்பெனி மாறுகிற திருப்பூரில் எத்தனை பேர் அலைவார்கள்? 2014 அக்டோபரில்தான் யு.ஏ.என். என்று 12 இலக்க எண் வந்தது. அது ஆளின் எண். கம்பெனி எத்தனை மாறினாலும் அந்தந்தக் கம்பெனிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே எண்ணில் வந்து தொங்கும். பீட்டர் சென் படம் போட்டு 38 வருஷம் கழித்து!

"அக்காவுக்கும் ஒரு பெட்டி போடு" என்றேன்.

தம்பி என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "பெட்டி போட்டா பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் கட்டோணுமேண்ணா!"

"போடலைன்னாலும் கட்டோணும். கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்த ஆளுன்னாலும் பொறுப்பு சுத்தி வளைச்சு உன் வாசல்லதான் வந்து நிக்கும்."

பி.எஃப்.புக்குக் கம்பெனி பங்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் நல்ல பையன். சாக்கை எடுத்துத் தானே பெட்டி போட்டார்.

கான்ட்ராக்டரிடமிருந்து பெயர்ப் பட்டியல் வர இரண்டு வாரம் ஆயிற்று. வந்த பட்டியலில் பதினேழு பெயர்! 'ஆள் 14' என்ற இடத்தில் மூன்று பேர் கணக்கிலேயே வராமல் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எண்ணிக்கை பொய் சொல்லும். பெயர் எழுதச் சொன்னால்தான் திணறும்.

வாசகர்கள் யாராவது கடைக்கோ சங்கத்துக்கோ சீட்டுக் கம்பெனிக்கோ புரோக்ராம் எழுதச் சொல்லப் போகிறீர்களா? முதலில் ஒரு காகிதமும் பென்சிலும் எடுங்கள். யார் யாருக்குப் பெட்டி, எது கோடு, எது வெறும் விவரம் என்று வரையுங்கள். அப்புறம் அங்கே வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, "இதுல நீங்க எங்கே இருக்கீங்க, பாருங்க" என்று கேளுங்கள். புரோக்ராம் எழுதுகிறவர் உங்களுக்குக் கோயில் கட்டுவார்.

புரோக்ராம் ஓட ஆரம்பித்த அன்று அக்காவின் பெயரைத் திரையில் காட்டினேன். நின்று நிதானமாகப் பார்த்தார்.

"நோம்பிக்கு ஊருக்குப் போனா வர ஒரு மாசம் ஆயிருங்க. சில சமயம் வேற கம்பெனிக்கும் போயிருவேன். அப்ப இந்தப் பேர அழிச்சுப் போடுவீங்களா?"

"இல்லைக்கா. போன தேதியைக் கோட்டு மேலதான் எழுதுவோம். உங்க பேரு அப்படியேதான் இருக்கும்."

"அப்பச் சரிங்" என்று பீஸ் மடிக்கப் போய்விட்டார்.