இறங்கி வந்த வெளிச்சம்

பழைய ஃபிளாஷ்களுக்கு ஒரு குரல் உண்டு. மின்னி முடித்ததும் மெல்லிய ஊளையாகத் தொடங்கி, மின்சாரம் ஏற ஏற உச்சத்துக்குப் போய், காதுக்கு எட்டாமல் மறையும். முதுகிலிருக்கும் சின்ன விளக்கு எரிந்தால் அடுத்த படத்துக்குத் தயார் என்று பொருள். கெட்டிமேளம் முழங்கும்போது அந்த விளக்கு எரியாதா என்று தவித்தவர்கள் எங்கள் தொழிலில் எல்லோரும்தான். இன்றைய ஃபிளாஷ்கள் அநேகமாக ஓசையின்றி நிரம்பிவிடுகின்றன. ஆனால் இன்றும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் என் காது அந்த ஊளையைத் தேடுகிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணே, கையில கொஞ்சம் காசு இருக்கு. ஒரு லைட் செட் வாங்கணும். எதை வாங்கலாம்?” போனில் நாலைந்து மாடல்களைத் திறந்து நீட்டுவார்கள். வாட் எவ்வளவு, கைடு நம்பர் எவ்வளவு என்று ஒப்பிட்டும் வைத்திருப்பார்கள். நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே மனசு கோவில்பட்டிப் பக்கம், நான் தொழில் கற்ற ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

அங்கே இருந்தவை 500 வாட் பல்புகள். அலுமினியக் கிண்ணத்துக்குள் பல்பு, உள்ளூர்ப் பட்டறையில் குழாயை வளைத்துச் செய்த ஸ்டாண்ட், அடியில் சக்கரம். வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோட்டு. எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணாச்சி கேமராவைத் தொடுவது கடைசியில்தான். அதற்கு முன் விளக்கை உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு விளக்கை அணைப்பார், மற்றதைப் பக்கவாட்டில் கொண்டுபோவார், உயர்த்துவார், பட்டர் பேப்பரை முன்னால் தொங்கவிடுவார். “ஏல, மூக்கு நெழல் எங்க விழுதுன்னு பாருல” என்பார். நிழல் கன்னத்தில் ஒழுங்காகச் சாய்ந்து நின்றால் தலையாட்டுவார். வயசான ஆச்சிக்கு ஒரு இடம், பெண் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கு ஒரு இடம் என்று தரையில் சாக்பீஸ் கோடு கிடக்கும். அந்த விளக்குகள் மலிவானவை. நிற்க வைத்த இடத்தில்தான் அவருடைய வித்தை முழுவதும் இருந்தது.

எங்கள் பக்கத்து முகங்கள் கரிசல் மண்ணில் வெயில் தின்ற முகங்கள். வருகிறவர்கள் முதலில் பவுடரை அப்பிக்கொள்வார்கள். வெளுப்பாக வர வேண்டும் என்று கேட்பார்கள். நெகட்டிவில் பென்சில் ஓட்டிச் சுருக்கத்தையும் கருமையையும் குறைக்கிற வேலை அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் எங்கும் நடந்தது. அண்ணாச்சிக்கு அதில் உடன்பாடு இல்லை. கறுத்த முகத்துக்கு அழகே அதன் பளபளப்புதான், அதை வைக்கத் தெரியாதவன் பென்சிலைத் தேடுவான் என்பார். அவர் சொன்னதற்கு ஒளியின் கணக்கிலேயே காரணம் இருப்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. கறுத்த தோல் உள்வாங்கிக்கொள்ளும் வெளிச்சம் அதிகம், சிதறித் திரும்புவது குறைவு. அதனால் நெற்றியும் கன்ன எலும்பும் தாடையும் உருவம் கொள்வது மேலே மினுங்கும் ஒளியால். விளக்கு சிறியதாக இருந்தால் அந்த மினுக்கு எண்ணெய்த் திட்டுப் போலச் சுருங்கி நிற்கும். பெரியதாக, அருகில், பக்கவாட்டில் இருந்தால் கன்னத்தின் வளைவு முழுவதிலும் படர்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டும்.

பிறகு கலர் வந்தது. கேமராவின் தலையில் ஃபிளாஷ் ஏறிக்கொண்டது. வீடியோக்காரர்கள் சன்கன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, வயரை இழுத்துக்கொண்டு ஒரு பையன் பின்னால் ஓடினான். அந்த ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மாமனார், மாமியார் எல்லோரும் சுவரில் ஒட்டிய சுவரொட்டி போலத் தட்டையாக இருப்பார்கள். கண் நோக்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் போனால் நிழல் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத மூக்குக்கு உயரம் இல்லை, கன்னத்துக்குக் குழி இல்லை. அண்ணாச்சி ஒரு முழம் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்ததை, அந்த வசதியான பெட்டி ஒரே இடத்தில் ஆணியடித்துவிட்டது.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்க வழி அப்போதே இருந்தது. விவிடார் 283 மாதிரியான ஃபிளாஷில் வயரைச் செருகி யாரையாவது பிடிக்கச் சொல்லலாம். ஒரு ஃபிளாஷ் மின்னுவதைப் பார்த்து இன்னொன்று மின்னும் ஸ்லேவ் கண்ணும் கிடைத்தது. அப்படிப்பட்ட பழைய ஃபிளாஷ் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கிறது. தாத்தாவுடையது என்று ஆசையாக எடுத்து வருவார்கள். கேமராவில் நேராகச் செருக வேண்டாம் என்று கைபிடித்துத் தடுப்பேன். பழைய 283களில் சிலவற்றின் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றின் உள்சுற்று அதைத் தாங்காது. ரிப்பேர் பார்க்கிறேன் என்று திறப்பது அதைவிட ஆபத்து. எந்த ஃபிளாஷின் உள்ளேயும் இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏறக்குறைய 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடியது.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கும் வித்தை பரவியது பின்னால்தான். அமெரிக்காவின் பால்டிமோர் சன் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் ஹாபி, 2006இல் ஸ்ட்ரோபிஸ்ட் என்ற பெயரில் இணையத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார். சின்ன ஃபிளாஷ், ஒரு ஸ்டாண்ட், ஒரு குடை இவற்றை வைத்தே என்னவெல்லாம் செய்யலாம் என்று இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். கூடவே சீனத்து ரேடியோ ட்ரிகர்களும் மலிந்தன. யங்நுவோ, கோடாக்ஸ் போன்ற கம்பெனிகள் ரேடியோவை ஃபிளாஷுக்குள்ளேயே வைத்துவிட்டன. வயர் பிடிக்கும் பையன் தேவையில்லாமல் போனான். அண்ணாச்சியின் சக்கர ஸ்டாண்ட் செய்த வேலையை ஒரு தோள்பையில் அடைக்க முடிந்தது.

போனை நீட்டிக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் முதலில் கைடு நம்பரைப் பற்றிப் பேசுவேன். தூரத்தை மீட்டரில் அளந்து அப்பெர்ச்சரால் பெருக்கினால் வருவது அது. ஐ.எஸ்.ஓ. 100இல் கைடு நம்பர் 56 என்றால், ஏழு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எஃப் 8 வைக்கலாம். ஆனால் அந்த எண்ணை எந்த ஜூமில் அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். யங்நுவோ ஒய்என் 560-4க்கு 58 என்று போட்டிருக்கும், அது 105 மி.மீ. ஜூமில். கோடாக்ஸ் டிடி 600க்கு 60 என்று போட்டிருக்கும், அது 200 மி.மீ. ஜூமில். ஒளிக்கற்றையைக் குறுக்கக் குறுக்க எண் ஏறும். குடைக்குள் அடிக்கும்போது ஜூமை விரித்துத்தான் வைப்போம், அங்கே அட்டையில் போட்ட எண் நமக்கு உதவாது. ஒன்றிரண்டு எண் கூடுதல் என்பதற்காக அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே ரேடியோ இருக்கிறதா, நம் கேமராவுக்கேற்ற ட்ரிகர் கிடைக்கிறதா, மேனுவலில் படிப்படியாகக் குறைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். ஃபிளாஷின் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் வசதி இல்லாத மாடல் விலை குறைவு, பழகுகிறவருக்கு அதுவே நல்லது. அளவைத் தானே வைத்துப் பார்த்தால்தான் ஒளி கைக்கு வரும்.

அடுத்து எல்.இ.டி. விளக்கு. கண்ணால் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்பதால் அதில் எல்லோருக்கும் மோகம். வீடியோவும் எடுப்பவருக்கு அது வேண்டும்தான். படம் மட்டும் எடுப்பவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 வாட் எல்.இ.டி.யில், ஷட்டர் 1/125 வினாடி திறந்திருக்கும்போது செலவாகும் மின்சாரம் அரை ஜூல். கைக்கடக்கமான ஒரு ஃபிளாஷ் முழு பலத்தில் ஏறத்தாழ 60 ஜூலை ஒரே மின்னலில் கொட்டிவிடும். எல்.இ.டி. மின்சாரத்தைச் சிக்கனமாக வெளிச்சமாக்கும் என்று கழித்துக்கொண்டாலும் இடைவெளி பல மடங்கு. குழந்தை ஓடும்போது, பாட்டி சிரிக்கும்போது அந்த இடைவெளி படத்தில் தெரியும்.

கரண்டில் ஓடும் 300 ஜூல் ஸ்டுடியோ லைட்டும் இன்று விலை குறைந்திருக்கிறது. சொந்தமாக ஓர் அறை இருந்தால் தாராளமாக வாங்கலாம். போவன்ஸ் என்ற பழம்பெரும் இங்கிலாந்துக் கம்பெனி 2017இல் மூடப்பட்டது, ஆனால் அது வகுத்த மவுன்ட்டைத்தான் இன்றும் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அந்த வாய் உள்ள விளக்கை வாங்கினால் ஒளியை மென்மையாக்க நாளைக்கு வாங்கும் சாஃப்ட்பாக்ஸும் அதில் பொருந்தும். ஆனால் 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போனதை நான் மறக்கவில்லை. ஊர் ஊராகப் போய் வீட்டு விசேஷம் எடுப்பவருக்குப் பேட்டரி ஃபிளாஷ்தான் துணை. பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எனலூப் மாதிரி, மாதக்கணக்கில் வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வேண்டும்.

சாஃப்ட்பாக்ஸ் என்றதும் மனசு ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவிடம் ஓடுகிறது. அவர் ஒளிப்பதிவு செய்த சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் வானத்திலிருந்து வழியும் நிழலற்ற ஒளியை எப்படிக் கொண்டுவருவது? மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன்மேல் அடித்துத் திருப்பினார். அந்தப் படத்தில் முகங்கள் மூச்சு விடுவதற்கு அந்தத் துணிதான் காரணம். நம் ஊரில் தெர்மாகோல் பலகை அந்த வேலையைச் செய்கிறது. அதுவும் இல்லையென்றால் வேட்டி இருக்கிறது. பிவிசி குழாயில் ஒரு சட்டம் கட்டி, துவைத்த வெள்ளை வேட்டியை இழுத்துப் பிடித்து, பின்னாலிருந்து ஃபிளாஷை அடித்துப் பாருங்கள். ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யை அண்ணாச்சி திரும்பத் திரும்பப் பார்த்தது ஜன்னல் ஒளிக்காகத்தான். மட்டக்களப்புப் பக்கமிருந்து புனேவுக்குப் படிக்கப்போன பாலு மகேந்திரா ஜன்னலையும் மேகத்தையும் நம்பியே முகங்களைப் பிடித்தார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வந்தது.

துணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் விஷயம் இருக்கிறது. மண்டபங்களில் ஃபிளாஷைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்புவார்கள். சுவர் பச்சை பெயின்ட் என்றால் மணப்பெண் முகமும் பச்சையாகும். ரோஸ் நிறப் பந்தல் என்றால் ரோஸாகும். சொந்தக் குடை கையிலிருந்தால் அந்த வம்பு பாதி குறையும். மஞ்சள் பல்பு எரியும் பூஜையறையில் எடுக்கும்போது ஃபிளாஷின் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாளை ஒட்டினால் இரண்டு ஒளியும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். சில ரூபாய்த் தாள் அது.

சின்ன ஃபிளாஷுக்கும் எல்லை உண்டு. சித்திரை வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 11 கேட்கும். குடை வழியாக வரும் சின்ன ஃபிளாஷ் அந்தச் சூரியனோடு மோதித் தோற்கும். ஷட்டரை வேகமாக்கி ஹைஸ்பீட் சிங்க் போட்டால் ஃபிளாஷின் பலமும் கூடவே குறையும். வேப்பமர நிழலுக்கு ஆளைக் கூட்டிப் போவதுதான் செலவில்லாத வழி. அதற்கு மேல் வேண்டுமென்றால் 200 ஜூல் பேட்டரி லைட், அது பிற்பாடு.

வாங்கும் வரிசையை இப்படித்தான் சொல்கிறேன். உறுதியான ஸ்டாண்ட், அதன் காலில் கட்ட மணல் பை, குடையும் ஃபிளாஷும் பொருந்தும் பிராக்கெட், 110 சென்டிமீட்டர் வெள்ளைக் குடை, ட்ரிகர், அதன்பின் ஒரே ஒரு மேனுவல் ஃபிளாஷ். மிச்சக் காசில் பேட்டரி. இரண்டாவது விளக்கு வேண்டாமா என்பார்கள். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் நிற்கட்டும், அது போதும். குடையை ஒரு மீட்டரில் வையுங்கள், பிறகு மூன்று மீட்டருக்குத் தள்ளிப் பாருங்கள். ஒளி ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதையும், நிழலின் ஓரம் கத்தி போலக் கூர்மையாவதையும், முகத்தோடு ஒப்பிட்டால் பின்சுவர் வெளுத்து எழுவதையும் கண்ணால் காணலாம். ஒளியில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது.

போனில் ஒரு விரல் தள்ளலில் தோலை வெளுக்கும் வசதி இன்று எல்லோரிடமும் இருக்கிறது. பவுடரும் பென்சிலும் செய்ததை அது இன்னும் சுலபமாகச் செய்கிறது. அதனால்தான் இந்தக் குறைந்த விலைச் சாமான்கள்மேல் எனக்கு இத்தனை பற்று. நம் வீட்டுக் கறுத்த முகங்களை வெளுக்காமல், அவற்றின் நிறத்திலேயே நிமிர்த்தி நிறுத்தும் வழி இப்போது சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையின் கைக்கும் எட்டியிருக்கிறது. விளக்கு வாங்குகிற பிள்ளைகள் முதலில் அம்மாவை உட்கார வைத்து, பவுடரைத் தள்ளி வைக்கச் சொல்லி, அவர் முகத்துக்கு ஒளி எங்கே நிற்க வேண்டும் என்று தேடட்டும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவருக்கு அடுத்து எதை வாங்குவது என்பது தானே தெரிந்துவிடும்.